விளக்கு மங்கிய நேரத்தையும் எண்ணுங்கள்

மின்சாரம் நம்மை இரண்டு வகையில் தொல்லைப்படுத்தும். விளக்கு முற்றிலும் அணைந்துபோவது ஒரு வகை. அணையாமலே, மின்னழுத்தம் குறைந்து, மங்கி எரிவது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் விளக்கு எரிகிறது என்றுதான் சொல்ல வேண்டும்; ஆனால் அதன் அடியில் அமர்ந்து படிக்க முடியாது. மின்விசிறி சுற்றுகிறது, காற்று வராது. மாதக் கடைசியில் ஒருவர் வந்து, ‘இந்த மாதம் விளக்கு அணைந்திருந்தது ஐந்தே நிமிடம்’ என்று கணக்குப் படித்தால் அந்தக் கணக்கில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

இன்றைய கணிப்பொறி உலகிலும் இதே போன்ற ஒரு கணக்கு வழக்கத்தில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணிப்பொறியை, அதன் வேலை நிற்காமலே, ஓர் எந்திரத்திலிருந்து இன்னோர் எந்திரத்துக்கு இடம் மாற்றும் அருமையான கலை ஒன்று உண்டு. அந்தக் கலையின் வெற்றியை அளக்கும்போது, சேவை அணைந்திருந்த நேரத்தை மட்டும் எண்ணிவிட்டு, மங்கியிருந்த நேரத்தை விட்டுவிடும் பழக்கம் பலரிடம் காணப்படுகிறது. இப்பழக்கம் சரியன்று என்பது என் கருத்து. மங்கிய நேரத்தைக் குறைக்கும் வழி கம்பியின் வேகத்தில் இருப்பதைவிட, அனுப்பும் ஒழுங்கில்தான் அதிகம் இருக்கிறது என்பதும் என் கருத்து. இவ்விரண்டையும் உங்களுக்குத் தெரிந்த கணக்கைக் கொண்டே காட்ட முயல்கிறேன்.

கணிப்பொறிக்குள் கணிப்பொறி

ஒரே கட்டடத்தில் பல குடித்தனங்கள் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அதுபோல், பெரிய கணிப்பொறி ஒன்றின் உள்ளே, மென்பொருளின் துணையால், பல கணிப்பொறிகள் தனித்தனியே இயங்குவதுபோல் அமைக்க முடியும். இவ்வாறு குடியிருக்கும் ஒவ்வொன்றையும் மெய்நிகர் கணிப்பொறி என்கிறோம். வெர்ச்சுவல் மெஷின் என்ற பெயரும் வழக்கில் உண்டு. இது நேற்று முளைத்த கருத்தன்று. ஐபிஎம் நிறுவனம் 1972-ஆம் ஆண்டிலேயே விஎம்/370 என்னும் பெயரில் இத்தகைய ஏற்பாட்டை அறிவித்தது. இன்று இணையத்தின் வழியே நாம் பெறும் சேவைகளில் மிகப் பல இப்படிப்பட்ட குடித்தனக் கணிப்பொறிகளிலிருந்தே வருகின்றன.

கட்டடத்தில் பழுது பார்க்க வேண்டுமானால் குடியிருப்பவரை வேறு வீட்டுக்கு மாற்றுகிறோம். இங்கும் அவ்வாறே. எந்திரத்தின் குளிர்விசிறி கெட்டுப்போகலாம். நினைவகச் சில்லு ஒன்று பழுதாகலாம். மென்பொருளில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்படலாம். 2014-ஆம் ஆண்டில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பெயர் பெற்ற பாதுகாப்பு ஓட்டை ஒன்று உலகெங்கும் தெரியவந்தது. அப்போது கூகிள் நிறுவனம் தன் மெய்நிகர் கணிப்பொறிகளை ஓடும் நிலையிலேயே இடம் மாற்றி, காலியான எந்திரங்களைச் சரிசெய்தது. வாடிக்கையாளர் எவரும் தம் கணிப்பொறியை நிறுத்தித் தொடங்க வேண்டியிருக்கவில்லை. பயன் மிகப் பெரிது என்பதில் ஐயமில்லை. விலை என்ன என்பதே நம் கேள்வி.

கணக்கரும் பேரேடும்

மளிகைக் கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கடையில் ஒரு கணக்கர். அவர் முன்னே தடித்த பேரேடு. வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் கணக்கர் ஒரு பக்கத்தைப் புரட்டுகிறார். படிக்கிறார், அல்லது எழுதுகிறார். இப்போது கடையைத் தெருவின் மறுகோடிக்கு மாற்ற வேண்டும். வியாபாரமும் நிற்கக்கூடாது. சரக்குக் கிடங்கு இருவருக்கும் பொதுவானது. அதை நகர்த்த வேண்டியதில்லை. நகர வேண்டியவை கணக்கரும் பேரேடுமே.

கணிப்பொறியில் கணக்கரின் வேலையைச் செய்வது மையச் செயலகம். பேரேடு என்பது நினைவகம். இந்த உவமை என் கற்பனை மட்டுமன்று. கணிப்பொறியின் நினைவகமும் உண்மையிலேயே பக்கம் பக்கமாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னும் குழுவினரும் உருவாக்கி 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணிப்பொறியில் இம்முறை கையாளப்பட்டது. அதில் ஒரு பக்கம் 512 சொற்கள் கொண்டது. வேண்டிய பக்கம் முதன்மை நினைவகத்தில் இல்லையென்றால், சுழலும் காந்த உருளையிலிருந்து அது தானாகவே கொண்டுவரப்படும். இன்று நாம் பரவலாகப் பயன்படுத்தும் கணிப்பொறிகளில் ஒரு பக்கத்தின் வழக்கமான அளவு 4,096 பைட். 8 ஜிகாபைட் நினைவகமுள்ள மெய்நிகர் கணிப்பொறியின் பேரேட்டில் எத்தனை பக்கங்கள் இருக்கும்? வகுத்துப் பாருங்கள்: 20,97,152 பக்கங்கள்! ஏறத்தாழ 21 லட்சம்.

இந்த 21 லட்சம் பக்கங்களை, எழுதிக்கொண்டிருக்கும் கை ஓயாமல், எப்படி மாற்றுவது?

முதல் வழி: முன்னதாகப் படியெடுத்தல்

கணக்கர் பழைய கடையிலேயே இருக்கட்டும். பேரேட்டைப் படியெடுத்துப் புதிய கடைக்கு அனுப்புவோம். ஆனால் படியெடுத்து முடிப்பதற்குள் கணக்கர் சில பக்கங்களில் புதிதாக எழுதியிருப்பார். அப்பக்கங்களின் படிகள் பயனற்றவை. துறையினர் இவற்றை அழுக்குப் பக்கங்கள் என்பர். அவற்றை மட்டும் மறுபடி அனுப்ப வேண்டும். அதற்குள் இன்னும் சில பக்கங்கள் திருத்தப்படும். அவற்றையும் அனுப்ப வேண்டும். இப்படிச் சுற்றுக்கள் குறுகிக்கொண்டே வரும். மீதம் மிகச் சிறிதானதும் கணக்கரை ஒரு கணம் நிறுத்தி, எஞ்சிய பக்கங்களோடு அவரையும் புதிய கடைக்குக் கொண்டுபோய் உட்கார வைப்போம்.

பதினோராம் வகுப்பில் நீங்கள் படிக்கும் பெருக்குத் தொடர் இங்கே வேலை செய்வதைக் கவனியுங்கள். சாலையின் வேகம் வினாடிக்கு 10 ஜிகாபிட், அதாவது 125 கோடி பைட் என்று கொள்வோம். 8 ஜிகாபைட்டை அனுப்ப ஏறத்தாழ 7 வினாடி ஆகும். கணக்கர் வினாடிக்கு 25 கோடி பைட் அளவுக்குப் புதுப்புதுப் பக்கங்களைத் திருத்துகிறார் என்று வைத்துக்கொண்டால், எழுதும் வேகத்துக்கும் அனுப்பும் வேகத்துக்கும் உள்ள விகிதம் ஐந்தில் ஒன்று. எனவே முதற்சுற்று 7 வினாடி, இரண்டாவது 1.4, மூன்றாவது 0.28, நான்காவது 0.056 வினாடி. மூன்று சுற்றுக்குப்பின் நிறுத்தினால் வேலை நின்ற நேரம் 56 மில்லி வினாடி மட்டுமே. கண் இமைப்பதற்கும் இதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

விகிதம் ஒன்றுக்குக் குறைவாக இருக்கும்வரை எல்லாம் நலமே. ஒன்றாகிவிட்டால்? கணக்கர் எழுதும் வேகமும் நாம் அனுப்பும் வேகமும் சமம். ஆயிரம் சுற்றுப் போனாலும் மீதம் குறையாது. ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் கதைதான். பரபரப்பாக இயங்கும் பெரிய சேவைகளில் இந்நிலை நேர்வதுண்டு.

அப்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? க்யூ-எமு என்னும் திறந்த மூல மென்பொருளில் ஓர் ஏற்பாடு உள்ளது. சுற்றுக்கள் குறுகாவிட்டால், கணக்கரின் கையையே மெதுவாக்கிவிடுவது! முதலில் அவரது வேகத்தில் 20 விழுக்காட்டைக் குறைக்கும். போதாவிட்டால் மேலும் பத்துப் பத்து விழுக்காடாகக் குறைத்துக்கொண்டே போகும். இயல்பான அமைப்பில் இதன் உச்சவரம்பு 99 விழுக்காடு. அதாவது, கணக்கர் நூறு வரி எழுத வேண்டிய நேரத்தில் ஒரே ஒரு வரி எழுதும் நிலைவரை போகலாம். இந்த வழி தவறு என்று நான் கூறவில்லை. வேறு வழியில்லாதபோது இது பயனுள்ளதே. ஆனால் நிகழ்ந்தது என்ன? விளக்கு அணைந்த நேரம் சில மில்லி வினாடிதான். அதை அடைவதற்காக விளக்கைப் பல வினாடிகள் மங்க வைத்திருக்கிறோம். அணைந்த நேரத்தை மட்டும் எழுதிக் காட்டினால் இது எங்கே தெரியும்?

இரண்டாம் வழி: பிறகு கொண்டுவருதல்

இரண்டாவது வழி இதற்கு நேர்மாறானது. முதலில் கணக்கரை அழைத்துக்கொண்டு போய்ப் புதிய கடையில் உட்கார வைத்துவிடுவோம். பேரேடு பழைய கடையிலேயே இருக்கட்டும். கணக்கர் ஒரு பக்கத்தைக் கேட்டால், ஒரு பையன் ஓடிப்போய் அந்தப் பக்கத்தை எடுத்து வருவான். மற்றப் பக்கங்களும் பின்னணியில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு முறைதான் பயணம் செய்யும். எனவே கணக்கர் எவ்வளவு வேகமாக எழுதினாலும் குடிபெயர்ப்பு ஒரு முடிவுக்கு வந்தே தீரும். இது பெரிய நன்மை.

இவ்விரண்டு வழிகளும் நாற்பது ஆண்டு வயதானவை. மெய்நிகர் கணிப்பொறி முழுவதையும் நகர்த்துவதற்கு முன்பே, ஓடிக்கொண்டிருக்கும் தனி நிரல்களை நகர்த்த முயன்றவர்கள் இவற்றைக் கண்டனர். முதல் வழியை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்வின் தீமரும் உடன் ஆய்ந்தவர்களும் 1985-இல் வெளியிட்டனர். இரண்டாம் வழியைக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸயஸ் 1987-இல் விளக்கினார். மெய்நிகர் கணிப்பொறிகளுக்கு முதல் வழியைப் பொருத்தி, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கிளார்க் முதலியோர் 2005-இல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. பலர் சேர்ந்து ஆடும் ‘குவேக் 3’ என்னும் விளையாட்டை நடத்திக்கொண்டிருந்த கணிப்பொறியை, ஆட்டம் நடக்கும்போதே, 60 மில்லி வினாடி நிறுத்தத்தில் அவர்கள் இடம் மாற்றிக் காட்டினர். இரண்டாம் வழியை மெய்நிகர் கணிப்பொறிகளுக்கு ஏற்ற வகையில் செம்மை செய்து, மைக்கேல் ஹைன்ஸ், கார்த்திக் கோபாலன் முதலியோர் 2009-இல் வெளியிட்டனர்.

இரண்டாம் வழியின் குறை என்ன? பையன் ஓடிப்போய்த் திரும்பும்வரை கணக்கர் பேனாவைக் கையில் பிடித்தபடி காத்திருக்கிறார். வாடிக்கையாளரும் காத்திருக்கிறார். ஒவ்வொரு காத்திருப்பும் மிகச் சிறிது. ஆனால் அவை ஆயிரக்கணக்கில் வரும். இதுவும் மங்கல்தான்.

தாமதம் எங்கே பிறக்கிறது?

இங்கே பௌதிக மாணவனின் கண்ணோடு பார்க்க வேண்டும். இரு எந்திரங்களுக்கும் இடையே 100 மீட்டர் கண்ணாடி இழை இருக்கிறது. இழைக்குள் ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். போய்வர 1 மைக்ரோ வினாடி. 4,096 பைட் கொண்ட ஒரு பக்கத்தை 10 ஜிகாபிட் சாலையில் ஏற்ற 3.3 மைக்ரோ வினாடி. ஆக மொத்தம் நான்கேகால் மைக்ரோ வினாடி. இருபுறமும் மென்பொருள் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. இயற்கை நமக்கு விதித்த தாமதம் இவ்வளவே.

ஆனால் சாலை காலியாக இல்லையே! பின்னணியில் மற்றப் பக்கங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அனுப்புவதற்காக 10 லட்சம் பைட் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கர் அவசரமாகக் கேட்ட பக்கம் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. முன்னே நிற்பவை போய் முடிய 800 மைக்ரோ வினாடி ஆகும். நாலு மைக்ரோ வினாடிப் பயணத்துக்கு எண்ணூறு மைக்ரோ வினாடிக் காத்திருப்பு! நோயாளியோடு வந்த ஆம்புலன்ஸ், நெல் மூட்டை லாரிகளின் வரிசைக்குப் பின்னால் நிற்பது போலாயிற்று.

கணக்கருக்கு இது எவ்வளவு நீண்ட நேரம் என்று பாருங்கள். தன் நினைவகத்திலேயே இருக்கும் ஒன்றை எடுக்க மையச் செயலகத்துக்கு ஏறத்தாழ 0.1 மைக்ரோ வினாடி போதும். அதை நாம் ஒரு வினாடியாகப் பெரிதாக்கினால், 800 மைக்ரோ வினாடி என்பது 8,000 வினாடியாகும். ஒரு வினாடியில் புரட்ட வேண்டிய பக்கத்துக்காக ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம் காத்திருப்பது!

‘இன்னும் வேகமான கம்பி போட்டால் தீர்ந்தது’ என்பார்கள் சிலர். சரி, சாலையைப் பத்து மடங்கு வேகமாக்குவோம், 100 ஜிகாபிட். அதே வரிசை இப்போது 80 மைக்ரோ வினாடியில் கரையும். நன்றே. ஆனால் பழைய சாலையிலேயே, செலவு எதுவுமின்றி, அவசரப் பக்கத்தை வரிசையின் முன்னே விட்டிருந்தால் வழித் தாமதம் நாலு மைக்ரோ வினாடிதானே! பத்து மடங்கு வேகத்தை ஒழுங்கு ஒன்றே வென்றுவிட்டது. மேலும், கம்பியின் வேகம் வளரும்போது பேரேடும் தடிக்கிறது. 1 டெராபைட்டும் அதற்கு மேலும் நினைவகம் கொண்ட மெய்நிகர் கணிப்பொறிகள் இன்று உள்ளன. அத்தகைய ஒன்றை 100 ஜிகாபிட் சாலையில் ஒருமுறை அனுப்பவே ஏறத்தாழ 88 வினாடி வேண்டும்.

ஒழுங்கு தந்த வெற்றிகள்

தாமதத்தைக் குறைத்த முறைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவை யாவும் ஏதோ ஒரு வகை ஒழுங்கே என்பது விளங்கும்.

முதலாவது, வேண்டாததை அனுப்பாமை. வெற்றுப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவானேன்? ‘இந்தப் பக்கம் வெற்று’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதுபோல், முதல் வழியில் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு வரி மாறியிருந்தால் அந்த மாற்றத்தை மட்டும் அனுப்பலாம்.

இரண்டாவது, முன்கூட்டி ஊகித்தல். கணக்கர் 114-ஆம் பக்கத்தைக் கேட்டால் அடுத்து 115-ஐயும் 116-ஐயும் கேட்க வாய்ப்பு அதிகம். எனவே பையன் கேட்ட பக்கத்தோடு அதன் அக்கம்பக்கத்தையும் அள்ளி வருவது நல்லது. 2009-இல் ஹைன்ஸ் குழுவினர் செய்தது இதுவே. கேட்கப்பட்ட பக்கத்தை மையமாக வைத்து, நீர்க்குமிழி விரிவதுபோல் இருபுறமும் பக்கங்களை அனுப்பினர். பெரிய வேலைகளில், கணக்கர் வாய்விட்டுக் கேட்க வேண்டிவந்த பக்கங்கள், அவர் உண்மையில் புழங்கும் பக்கங்களில் 21 விழுக்காட்டுக்குள் அடங்கிவிட்டன என்று அவர்கள் கண்டனர். ஒரு நிரல் குறிப்பிட்ட காலத்தில் புழங்கும் பக்கங்களின் தொகுதியைப் பீட்டர் டென்னிங் 1968-இலேயே வரையறுத்திருந்தார். அட்லஸ் கணிப்பொறியிலும், எந்தப் பக்கம் இப்போதைக்கு வேண்டியிராது என்று ஊகிக்கும் நிரல் ஒன்று இருந்தது. பழைய ஞானம் புதிய இடத்தில் பயன்பட்டது.

மூன்றாவது, அவசரத்துக்குத் தனிப்பாதை. க்யூ-எமு மென்பொருளில் 2022-இல் இந்த ஏற்பாடு சேர்க்கப்பட்டது. பின்னணிப் பக்கங்கள் ஒரு வழியிலும், கணக்கர் கேட்டுக் காத்திருக்கும் பக்கங்கள் வேறொரு வழியிலும் போகும். ஆம்புலன்ஸ் இனி லாரிக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை.

நான்காவது, மூட்டையின் அளவு. சில இடங்களில் வேகம் கருதி 4,096 பைட்டுக்குப் பதிலாக 2 மெகாபைட் அளவுள்ள பெரும்பக்கங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பெரும்பக்கம் 512 சிறுபக்கங்களுக்குச் சமம். கணக்கருக்கு வேண்டியது ஒரே வரி. ஆனால் பெரும்பக்கம் முழுவதும் வந்து சேர 1,700 மைக்ரோ வினாடி ஆகும். அமைதிக் காலத்தில் நன்மையாக இருந்தது குடிபெயரும் காலத்தில் சுமையாகிறது.

ஐந்தாவது, இரு வழிகளையும் இணைத்தல். ஒரு சுற்று முன்னதாகப் படியெடுத்து அனுப்பிவிட்டு, பிறகு கணக்கரை மாற்றினால், அவர் கேட்கும் பக்கங்களில் பெரும்பாலானவை முன்பே மேசைமேல் இருக்கும்.

வேகத்தோடு பாதுகாப்பும்

இவ்வளவு சொன்னபின், ‘அப்படியானால் எங்கும் இரண்டாம் வழியையே கைக்கொள்ளலாமே’ என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. முதல் வழியில் நடுவழியில் கம்பி அறுந்தாலும் குடி முழுகிவிடாது. கணக்கரும் முழுப் பேரேடும் பழைய கடையில்தான் இருக்கிறார்கள், வேலை தொடரும். இரண்டாம் வழியில் கணக்கர் ஒரு பக்கம், பேரேட்டின் பாதி மறுபக்கம். அந்நேரத்தில் பழைய எந்திரம் செயலிழந்தால் அந்த நினைவகத்தை மீட்க முடியாது. கம்பி மட்டும் அறுந்தால், வேலையை நிறுத்திவைத்து, இணைப்பு வந்ததும் தொடரும் வசதி 2018-இல் க்யூ-எமுவில் வந்தது. அது பெரிய முன்னேற்றம். ஆயினும் எந்திரமே போனால் அதனாலும் உதவ முடியாது.

ஆகவே, வழியைத் தேர்ந்தெடுப்பது வெறும் வேகக் கணக்கன்று. மருத்துவமனையின் நோயாளிக் குறிப்புகளைத் தாங்கும் கணிப்பொறியும், விளையாட்டை நடத்தும் கணிப்பொறியும் ஒன்றல்ல. முன்னதில் சற்று மங்கினாலும் அறவே போய்விடக்கூடாது. பின்னதில் ஆட்டம் தடைபட்டால் மறுபடி தொடங்கலாம். யாருக்கு எந்த இழப்பு வரும் என்று எண்ணிப் பார்த்தே வழியைத் தேர வேண்டும்.

நடு எண்ணும் கடைசி எண்ணும்

இனி அளவைக்கு வருவோம். கூகிள் நிறுவனத்தினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், தாங்கள் மாதந்தோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட குடிபெயர்ப்புக்களைச் செய்வதாகக் கூறினர். வேலை அணைந்திருந்த நேரத்தின் இடைநிலை அளவு 50 மில்லி வினாடி. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது குடிபெயர்ப்புக்கள் 124 மில்லி வினாடிக்குள் அடங்கின. இரண்டு எண்களையும் கொடுத்தார்களே, அதைப் பாராட்ட வேண்டும். இடைநிலையை மட்டும் தந்திருந்தால் பாதிக் குடிபெயர்ப்புக்களின் கதையே நமக்குத் தெரிந்திருக்காது. நூற்றில் ஒன்றுதானே 124-ஐத் தாண்டுகிறது என்று தள்ளிவிடவும் முடியாது. 10 லட்சத்தில் நூற்றில் ஒன்று என்பது மாதம் 10,000 ஆகும்.

‘மனிதர்க்குப் புலப்படாத இந்தச் சிறு தாமதத்துக்கு இத்தனை கவலையா?’ என்பது நியாயமான கேள்வி. மனிதர் மட்டும் காத்திருந்தால் கவலையில்லை. ஆனால் இன்று ஒரு கேள்விக்கு விடை தர நூறு கணிப்பொறிகள் ஒன்றையொன்று கேட்கின்றன. ஒவ்வொன்றும் நூறு தடவைக்கு ஒரு தடவை தாமதிக்கிறது என்று கொள்ளுங்கள். நூறும் தாமதமின்றி விடை தரும் வாய்ப்பு 0.99-ஐ நூறு முறை பெருக்கினால் வரும். அது ஏறத்தாழ 0.37. அதாவது, நூறு கேள்விகளில் 63 கேள்விகள் ஏதோ ஓர் இடத்தில் தாமதப்படும்! ஜெஃப்ரி டீன், லூயிஸ் பரோஸோ ஆகியோர் 2013-இல் எடுத்துக்காட்டிய கணக்கு இது. ஒன்றில் அரிதாக வருவது நூறில் வாடிக்கையாகிவிடுகிறது.

இதனால்தான் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். முதலாவது, கணிப்பொறிச் சேவை தருவோர் அணைந்த நேரத்தோடு மங்கிய நேரத்தையும், அந்நேரத்தில் வேகம் எவ்வளவு குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது, சராசரியையோ இடைநிலையையோ மட்டும் தராமல், மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட நூற்றில் ஒருவரின் தாமதத்தையும் தர வேண்டும். மூன்றாவது, பொதுமக்களுக்கான சேவைகளை நடத்துவோர், தங்கள் கணிப்பொறி எந்த வழியில் குடிபெயர்க்கப்படும் என்பதைக் கேட்டறிந்து ஒப்பந்தம் செய்ய வேண்டும். தேர்வு முடிவு வெளியாகும் காலையில் ஒரு சேவையைக் குடிபெயர்க்க நேர்ந்தால், திரையைப் பார்த்துக் காத்திருக்கும் மாணவர்க்கு, ‘சேவை நிற்கவேயில்லை’ என்னும் அறிக்கை ஆறுதல் தராது. அவருடைய பக்கம் எப்போது வந்தது என்பதே கணக்கு.

வகுப்பில் செய்து பாருங்கள்

இதைச் சோதிக்கக் கணிப்பொறிகூட வேண்டாம். 60 தாள்களில் 1 முதல் 60 வரை எண் எழுதி வகுப்பின் ஒரு கோடியில் வையுங்கள். மறுகோடியில் ஒரு மாணவர் கணக்கராக அமரட்டும். இன்னொருவர், பார்க்காமல் எழுதிய 20 எண்களின் பட்டியல் ஒன்றை அவருக்குக் கொடுக்கட்டும். சில எண்கள் அடுத்தடுத்தும், சில தாவியும் இருக்கட்டும். கணக்கர் பட்டியலின்படி ஒவ்வொரு தாளாகக் கேட்பார். ஒரு மாணவர் தூதுவராக நடந்து கொண்டுவருவார்.

முதல் ஆட்டத்தில் தூதுவர் 1, 2, 3 என்று ஐந்தைந்து தாளாக வரிசையில்தான் கொண்டுவர வேண்டும். கேட்ட தாளுக்கு அதன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டாம் ஆட்டத்தில் கேட்ட தாளை மட்டும் உடனே கொண்டுவரட்டும். மூன்றாம் ஆட்டத்தில் கேட்ட தாளோடு அதன் முன்னிரண்டு, பின்னிரண்டு தாள்களையும் சேர்த்துக் கொண்டுவரட்டும். நடையின் வேகம் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கட்டும். கணக்கர் ஒவ்வொரு முறையும் காத்திருந்த வினாடிகளைக் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். பிறகு மூன்று ஆட்டங்களுக்கும் மொத்தக் காத்திருப்பு எவ்வளவு, மிக நீண்ட காத்திருப்பு எவ்வளவு என்று அட்டவணை இடுங்கள். பட்டியலில் அடுத்தடுத்த எண்களைக் கூட்டியும் குறைத்தும் மறுபடி ஆடுங்கள். எந்தப் பட்டியலுக்கு எந்த ஒழுங்கு ஏற்றது என்பது உங்களுக்கே புலப்படும்.

நாளை உங்களில் சிலர் இத்தகைய கணிப்பொறிகளை அமைப்பீர்கள். வேறு சிலர் அவற்றுக்காகப் பணம் கொடுப்பீர்கள். எல்லாரும் அவற்றைப் பயன்படுத்துவீர்கள். எந்த நிலையில் இருந்தாலும், ‘எவ்வளவு நேரம் நின்றது?’ என்று கேட்பதோடு நின்றுவிடாமல், ‘எவ்வளவு நேரம் மங்கியது? யாருக்கு மிக அதிகமாக மங்கியது?’ என்றும் கேளுங்கள். கேட்பவர் பெருகினால் அளப்பவரும் பெருகுவர். அளக்கப்படும் குறைதான் ஒரு நாள் நீங்கும்.